பதினேழாம் நார்மல்

மணி பத்து இருபத்தைந்துக்குச் சந்தனமாரி டியூப் ராக்கை வாட்டர் பாத்துக்குள் இறக்கினாள். இருபத்துநாலு டியூப், ஒவ்வொன்றின் வாயிலும் ஆவி போகாமல் இருக்க ஒரு கோலிக்குண்டு. கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினொன்று இருபத்தைந்து வரைக்கும் இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியில் முனகிக்கொண்டு கிடக்க வேண்டியது, உள்ளே ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் வேக வேண்டியது, இவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. இந்த மருத்துவக் கல்லூரியின் பயோகெமிஸ்ட்ரி லேபில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன், இந்த மாதிரி எத்தனை ஒரு மணி நேரத்தை ஊதித் தள்ளியிருப்பாள், ஒரு நாளாவது இப்படிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்ததுண்டா? கடைசி மூன்று டியூப், இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு, மூன்றிலும் இருப்பது அவள் ரத்தம். அவள் ரத்தம் இதற்கு முன்னும் எத்தனையோ தடவை இதே தண்ணீரில் வெந்திருக்கிறதுதான், ஆனால் அப்போதெல்லாம் அது என்ன நிறத்தில் வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது, நேற்றே ஒரு தடவை வந்துவிட்டது. அதைத்தான் அந்த மகராசி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

கையில் தப்பாம். "அக்கா, உங்க பிப்பெட்டிங்ல ஏதோ மிஸ்டேக் ஆயிருக்கு, ரிப்பீட் பண்ணிருங்க." நேற்று மத்தியானம் டாக்டர் அபர்ணா சொன்னது இது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாளா என்றால் அதுவும் இல்லை, ஃபிலோமினா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். ஃபிலோமினா ரத்தம் எடுக்கிற பிள்ளை, இவளுக்குப் பத்து வருஷம் இளையவள், அது பாவம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அபர்ணா எம்.டி. படிக்க வந்தவள், வந்து இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது, ஈரலில் கொழுப்பு படிந்தவர்களைப் பற்றித் தீசிஸ் எழுதுகிறாள், இன்னும் பத்து நாளில் கொடுத்தாக வேண்டும். வாய்க்குத்தான் டாக்டர், வாங்க, போங்க எல்லாம். மனசுக்குள் நேற்று மத்தியானத்திலிருந்து அவள், இவள்தான். வந்த புதிதில், சொட்டு அளந்து விடுகிற அந்தப் பிப்பெட்டை ஊசி பிடிப்பது போலப் பிடித்தாளே, கட்டை விரலை அப்படி அமுக்காதீங்க டாக்டர், மெதுவா விடுங்க, உள்ளே குமிழி போகுது பாருங்க என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது யார்? தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட மறந்து பன்னிரண்டு சாம்பிளைக் கெடுத்துவிட்டு ஸ்டோர் ரூமில் போய் நின்று அழுதாளே, வெளியே மூச்சு விடாமல் அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருத்தராகப் போன் போட்டு வரவழைத்துத் திரும்ப ரத்தம் எடுக்க வைத்தது யார்? அந்தக் கையா தப்புப் பண்ணும்? நூறு மைக்ரோலிட்டர் என்றால் நூறு, நூற்றொன்று கிடையாது. மெஷின் சர்வீசுக்கு வருகிற ஆளே இவள் ரீடிங்கை வைத்துத்தான் மெஷினைச் சரி பார்ப்பான். அப்படிப்பட்ட கையை, ஒரு வார்த்தையில், காபி ஆறிப்போச்சு என்று சொல்கிற மாதிரி, தப்பு என்றுவிட்டுப் போய்விட்டாள். சந்தனமாரி இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. கொஞ்சம் வேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யோசித்தால்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. இந்த லேபில் ஒரு பழக்கம். எந்த டெஸ்ட் புதிதாகப் போட்டாலும், எந்தப் பிள்ளை தீசிஸ் எழுத வந்தாலும், நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் ரத்தம் வேண்டும். அதற்குப் பெயர் நார்மல். நார்மலுக்கு ஊரெல்லாம் போய்த் தேடுவார்களா என்ன? மாரியக்கா கையை நீட்டுங்க என்பார்கள், மாரியக்கா நீட்டுவாள். தைராய்டா, மாரியக்கா. சர்க்கரையா, மாரியக்கா. ஒரு தடவை ஹெச்.ஓ.டி.யே முதல் வருஷப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, இவள் டியூபைத் தூக்கிக் காட்டி, "நல்லா பாத்துக்கங்க, நார்மல்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒரு சின்னப் பெருமை இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்ப் புருஷன் கோட்டைச்சாமியிடம்கூடச் சொன்னாள், அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி சரி என்றார். பத்தொன்பது வருஷமாக இந்த ஜில்லாவில் எத்தனை பேருடைய நோயை இவளுடைய ரத்தத்துக்குப் பக்கத்தில் வைத்து நோய் என்று சொல்லியிருப்பார்கள். அபர்ணாவின் தீசிசுக்கும் அப்படித்தான், முப்பது நோயாளி, முப்பது நார்மல், இவள் நார்மல் பதினேழு. என்-பதினேழு. முந்தாநாள் அபர்ணாவேதான் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள், எடுக்கும்போதே ஏதோ கல்யாணத்துக்குப் போன கதை பேசிக்கொண்டே எடுத்தாள். நேற்று வேகவைத்து எடுத்தால், வரிசையாக இருபத்தொன்பது நார்மலும் வெளுத்த ரோஜா நிறத்தில் நிற்க, பதினேழு மட்டும் சர்பத் மாதிரி செக்கச்செவேல் என்று நிற்கிறது. இரண்டு, இரண்டரை, மூன்று என்று வந்த இடத்தில் ஆறு புள்ளி ஒன்று. ஈரலில் கொழுப்பு இருக்கிறவர்களுக்கு வருகிற எண். உடனே சொல்லிவிட்டாள், கையில் தப்பு. ஏன், அவள் எடுத்த ரத்தத்தில் தப்பு இருக்கக் கூடாதா? அவள் குத்தின லட்சணத்தில் ரத்தம் உடைந்திருக்கக் கூடாதா? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை, சந்தனமாரியும் சொல்லவில்லை. ரத்தம் உடைந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும், அது தெளிவாக, வைக்கோல் நிறத்தில்தான் இருந்தது. அடுத்தவள் மேல் பொய்யாகப் பழி போட அவளுக்கு வராது.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் ஃபிலோமினாவைப் பிடித்துப் புது ரத்தம் எடுக்க வைத்தாள். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் பல்லில் படவில்லை, ரத்தத்துக்கு வெறும் வயிறு நல்லதுதானே. மூன்று டியூப் வைத்தாள். இரண்டில் தானே சீரத்தை விட்டாள், மூன்றாவதற்கு அபர்ணாவைக் கூப்பிட்டாள். "டாக்டர், இதை மட்டும் நீங்க போடுங்க." "என்னக்கா, எனக்கு டெஸ்ட் வைக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்து, போட்டுவிட்டுப் போய்விட்டாள். நன்றாகத்தான் போட்டாள், சொல்லிக்கொடுத்தது சும்மா போகவில்லை. இப்போது மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வேகின்றன. இவள் போட்ட இரண்டும் சிவந்து, அவள் போட்ட ஒன்று வெளுத்து நின்றால் கை தப்பு, ஈரல் தப்பித்தது. மூன்றும் சிவந்தால் கை சுத்தம், ஈரல் போச்சு. அட கடவுளே, இது என்ன கணக்கு? ஒரு மனுஷி எதை வேண்டிக்கொள்வாள்? கண்ணை மூடி, தாயே மாரியாத்தா என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்த பிறகு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெளுத்திரு என்று கேட்டால் பத்தொன்பது வருஷமும் தண்டம், இனி அந்தப் பிள்ளைகள் முன்னால் பிப்பெட்டை எந்த முகத்தோடு பிடிப்பது. சிவந்திரு என்று கேட்டால், எந்தப் பொம்பளையாவது தன் வாயாலேயே வியாதி கேட்பாளா? இப்படி ஒரு இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவள் போய் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கிரீன் டீ உறிஞ்சுகிறாள். எரிகிறது. வயிறு பசியில் எரிகிறதா கோபத்தில் எரிகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பத்து நாற்பது. கோலிக்குண்டுகள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிலுகிலுத்தன.

எழுந்து கையை வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்திப் பார்த்தாள். இங்கேதான் இருக்கிறதாம். வலிக்கவில்லை. வலிக்கவும் செய்யாதாம் அது, உள்ளே உட்கார்ந்துகொண்டு சத்தம் காட்டாமல் கெட்டுப்போகுமாம், களவாணி. அப்படி என்னத்தைத் தின்றுவிட்டாள்? ஐம்பத்துநாலு கிலோதான் எடை. கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டில் இரண்டு தையல் பிரித்துவிட்டால் இன்றைக்கும் கை நுழையும், வயிறு ஒன்றுதான் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது, இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அதுகூட இல்லாமலா? கறி எடுத்தால் ஈரல் மகனுக்கு, துண்டு புருஷனுக்கு, எலும்பு மகளுக்கு, இவளுக்குச் சட்டியை வழித்த குழம்பு. நெய் டப்பாவைத் திறக்கிறபோது வாசனை பிடிப்பதோடு சரி. தின்றதெல்லாம் சோறு. காலையில் மிச்ச சோறு, மத்தியானம் டப்பாவில் சோறு, ராத்திரி எல்லோரும் தின்று மிச்சம் விட்டதைக் கொட்ட மனசில்லாமல் இன்னும் ஒரு கரண்டி சோறு. நடுவில் இந்த லேபில் ஆறு டீ, மாரியக்காவுக்குச் சீனி கூட என்று கேன்டீன்காரருக்கு மனப்பாடம். அந்தச் சோறும் அந்தச் சீனியும்தான் உள்ளே போய்க் கொழுப்பாக மாறுமாம், ஹெச்.ஓ.டி. கிளாசில் சொல்ல இவளே கேட்டிருக்கிறாள். கேட்டபோது அது யாருக்கோ நடக்கிற சமாச்சாரமாக இருந்தது. ஆனால் நியாயம் என்று ஒன்று வேண்டாமா? கோட்டைச்சாமியை எடுத்துக்கொள்ளுங்கள். முனிசிபல் தண்ணீர் டேங்கில் வால்வு திறக்கிற வேலை, சனிக்கிழமை ஆனால் அவர் வால்வும் திறந்துகொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக வாரா வாரம் குடி, ஆடி அமாவாசைக்கு மட்டும் லீவு. போன மாசி மாதம் மகளிர் மன்றத்துக்காரர்கள் நடத்தின முகாமில் இலவசமாக ஸ்கேன் எடுத்தார்கள், சும்மா கிடைக்கிறது என்று அவரும் போய்ப் படுத்தார். ரிப்போர்ட் வந்தது பாருங்கள், லிவர் நார்மல். நார்மலாம்! அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொழுந்தியா வீடு, டீக்கடை என்று போகிற இடமெல்லாம் எடுத்து விரித்துக் காட்டினார். ஊற்றினவன் ஈரல் பளிங்கு மாதிரி இருக்க, ஊற்றிக் குடித்த டம்ளரைக் கழுவினவள் ஈரலில் கொழுப்பா? கேட்டால் மாமியார் சிரிக்கும், உனக்குக் கொழுப்பு இருக்கறது எனக்கு அன்னைக்கே தெரியும்டி என்று. சந்தனமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

டீத் தட்டோடு ஃபிலோமினா உள்ளே வந்தாள். "அக்கா, டீ." "வேண்டாம்டி." "காலையில ரத்தம் எடுத்தாச்சுல்ல, இன்னும் என்னத்துக்கு வெறும் வயிறு? மயங்கி விழுந்துறாதீங்க." "வேண்டாம்னா விடேன்." சட்டென்று வாயில் சூடாக வந்துவிட்டது. அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போய், டியூபுகளை எட்டிப் பார்த்தது. "கலர் வருதாக்கா?" "இன்னும் இல்ல." பொய். வர ஆரம்பித்துவிட்டது, ஓரத்து டியூபில் லேசாகக் குங்குமம் கரைந்த தண்ணீர் போலத் தெரிகிறது, ஆனால் ஆவியில் எது எந்த டியூப் என்று பிரிக்க முடியவில்லை. ஃபிலோமினா போனதும் டீ வாசனை மட்டும் நின்றது, வாயில் எச்சில் ஊறியது. அதன் மேல், டியூபில் சீரத்தோடு கலந்து வேகிற மருந்தின் நாற்றம். எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, பழைய முறுக்கை டப்பா திறந்தால் மூக்கில் ஏறுமே, அதே கெடுதல்தானாம் ஈரலிலும் நடப்பது. ஹெச்.ஓ.டி. ஒரு தடவை கரும்பலகையில் படம் போடாமலே சொன்னார். ஈரலுக்குள் அளவுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதை எரித்து எரித்து அடுப்பு தறிகெட்டுப் போகும், பொறி தெறிக்கும், தெறித்த பொறி பட்டுப் பக்கத்தில் இருக்கிற கொழுப்பு சிக்குப் பிடிக்கும். சிக்குப் பிடித்தது ரத்தத்தில் கசியும், அதை இந்த மருந்தோடு வேகவைத்தால் சிவப்பு. எவ்வளவு சிவப்போ அவ்வளவு கெட்டுப்போனது. பொறியை அணைக்க உடம்பே கையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கும், அதற்குக் குளூட்டாதயோன் என்று பெயர், அதை அளக்கிற டெஸ்டில் மஞ்சள் வரும். நல்ல உடம்பில் மஞ்சள் தூக்கலாக, சிவப்பு மட்டமாக. கெட்ட உடம்பில் நேர் எதிர். நேற்று என்-பதினேழின் மஞ்சளும் சோகை பிடித்துத்தான் இருந்தது, அபர்ணா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கை தப்பென்றால் இரண்டு டெஸ்டிலும் ஒரே பக்கமாகவா தப்பும்? எம்.டி. படிக்கிறவளுக்கு இந்த யோசனை வர வேண்டாமா? வாளியில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் விஷயம். அணைத்து அணைத்து அதுவும் தீர்ந்துபோயிற்று. இத்தனை நாள் உள்ளே இப்படி எரிந்துகொண்டிருக்க, இவள் பாட்டுக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

பத்து ஐம்பத்தைந்து. பூக்கார அம்மா ஞாபகத்துக்கு வந்தாள், வர வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்தாள். நோயாளி வரிசையில் ஒன்பதாம் நம்பர், பஸ் ஸ்டாண்டில் பூ கட்டி விற்கிறவள், ஒடிசலான உடம்பு, காது ஓட்டை தொங்கிப்போய்க் கிடக்கும். ரத்தம் கொடுக்க வந்த அன்றைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும்மா என்று அபர்ணா சொன்னதும் அந்த அம்மா எகிறினாளே ஒரு எகிறு. "ஏந்தாயி, நான் என்ன சாராயக் கடையிலயா படுத்துக் கெடந்தேன்? என்னைப் பார்த்து ஈரலுங்கறே? ஒருவேளைச் சோறு தின்னுட்டு நாள் முச்சூடும் குத்தவச்சுப் பூக் கட்டுறவ நானு. ஊருக்குள்ள இதைச் சொன்னா என்னைய என்னான்னு நெனப்பாக?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அபர்ணா பொறுமையாகத்தான் சொன்னாள், குடிக்காதவங்களுக்கும் வரும்மா, குடிச்சாத்தான் வரும்னு இல்ல. அந்த அம்மா நம்பவில்லை. அன்றைக்குச் சந்தனமாரி என்ன பண்ணினாள்? டியூபில் நம்பர் எழுதுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு அந்த அம்மா போன பிறகு ஃபிலோமினாவிடம், "எல்லாரும் இப்படித்தாண்டி சொல்லுவாங்க" என்று வேறு சொன்னாள். சொன்ன நாக்கு. இப்போது அந்த அம்மா வந்து எதிரில் நின்றால் எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது. அந்த அம்மாவின் சிவப்பு ஐந்து புள்ளி எட்டு. இவளுடையது ஆறு புள்ளி ஒன்று. அந்த அம்மா பக்கத்தில் இவள் நார்மல் என்று உட்கார்ந்துகொண்டு, நோட்டில் எண்ணை எழுதி, அடியில் கோடு போட்டு, ஐயோ பாவம் என்று வேறு நினைத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய திமிர். திமிரா, இல்லை, அறியாமைதான். அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் அலமாரியைத் திறந்து அபர்ணாவின் ஃபைலை எடுத்தாள். இவள் எடுக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை, ரிசல்ட்டை ஒட்டுவதே இவள்தான். நார்மல் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள். பதினேழைப் பிரித்தாள். பெயர் என்கிற இடத்தில் லேப் ஸ்டாஃப் என்று மட்டும் எழுதியிருந்தது. குடிப்பழக்கம் இல்லை, சரி. சர்க்கரை இல்லை, சரி. அதற்குக் கீழே, வயிற்று ஸ்கேன், ஈரல் நார்மல், பச்சை மையில் ஒரு டிக். சந்தனமாரி அந்த டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த ஸ்கேன்? எப்போது எடுத்த ஸ்கேன்? இந்த ஜென்மத்தில் இரண்டு பிரசவத்துக்கு எடுத்ததைத் தவிர அவள் வயிற்றில் ஒருத்தரும் அந்தக் கருவியை வைத்ததில்லை. தாளைத் திருப்பினாள். என்-பதினாறு ஃபிலோமினா, டிக். என்-பதினெட்டு வாசல் செக்யூரிட்டி அண்ணன், டிக், அவர் நடந்து வந்தால் அவர் வருவதற்கு முன்னால் வயிறு வரும். எண்ணிப் பார்த்தாள், வெளியிலிருந்து வந்த பதினெட்டுப் பேருக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தாளோடு பின் அடித்திருக்கிறது, உள்ளே வேலை பார்க்கிற பன்னிரண்டு பேருக்கும் வெறும் டிக். பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்கள், தினமும் வேலைக்கு வருகிறார்கள், டீ வாங்கித் தருகிறார்கள், இவர்களுக்கு எதற்கு ஸ்கேன்? இதுதானே நினைப்பு. ஏமாற்ற வேண்டும் என்று போட்ட டிக் இல்லை, அது இவளுக்குத் தெரியும், அது தெரிவதுதான் இன்னும் கொதிக்கிறது. ஏமாற்றுகிறவனாவது எதிரில் இருக்கிறவனை ஒரு ஆளாக மதித்துத்தான் ஏமாற்றுகிறான். இது ஜன்னல், நாற்காலி, ஃபேன், மாரியக்கா என்று எண்ணிக்கொண்டு போகிறபோது விழுந்த டிக். அந்த டிக்கைப் போட்ட பேனாதான் நேற்று கை தப்பு என்றும் சொன்னது. கை தப்பு என்று சொன்னால் வேலை மிச்சம், ஈரல் தப்பு என்று சொன்னால் பன்னிரண்டு பேரையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஃபைலை மூடவில்லை. விரித்தபடியே மேசை மேல் வைத்தாள்.

பதினொன்று இருபத்தைந்து ஆனபோது அவளுக்கு ஒரு நிமிஷம் எழுந்திருக்கவே தோன்றவில்லை. கொதித்தது கொதிக்கட்டும், இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும் என்று இருந்தது. ஆனால் கை எழுந்துவிட்டது, பத்தொன்பது வருஷத்துக் கை, அதற்கு நேரம் ஆனால் ஆனதுதான். ராக்கைத் தூக்கி ஐஸ் தண்ணீரில் வைத்தாள், கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள், சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிஷம் சுற்றவிட்டு வரிசையாக வெள்ளைத் தாளுக்கு முன்னால் நிறுத்தினாள். கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்று இருபத்தொன்று வரைக்கும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு பார்த்தாள். இருபத்திரண்டு சிவப்பு. இருபத்துமூன்று சிவப்பு. இருபத்துநாலு, டாக்டர் அபர்ணா தன் கையால் போட்டது, அதே சிவப்பு, ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாத்தியா, என் கை சுத்தம்! முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான், வெட்கம் கெட்டுப்போய் அதுதான் முதலில் வந்தது, நெஞ்சு நிமிர்ந்துகொண்டு வந்தது. அடுத்த மூச்சில் அதே கை வலது விலாவுக்குக் கீழே போய் நின்றது. மூன்று டியூபும் அழகாக, ரொம்ப அழகாக, கடை கண்ணாடிக்குள் வைக்கிற மாதிரி நின்றன. இப்போதுகூட யாரும் பார்க்கவில்லை. மூன்றையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு இரண்டு புள்ளி எட்டு என்று எழுதினால் முடிந்தது, கை தப்பு என்கிற பெயரோடு, நார்மலாக, இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம். எத்தனை வருஷம் ஓடும்? அதை யார் கண்டது. அவள் டியூபைத் தொடவில்லை. மெஷினில் வைத்து ஒவ்வொன்றாக ரீடிங் எடுத்தாள். ஆறு, ஆறு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி ஒன்று. நோட்டில் எழுதி அடியில் கையெழுத்துப் போட்டாள்.

அபர்ணா கையில் கிரீன் டீயோடு வந்தாள். "என்னக்கா, சரியா வந்துருச்சா?" சந்தனமாரி நோட்டைத் திருப்பி வைத்தாள். அபர்ணா படித்தாள், டியூபுகளைப் பார்த்தாள், திரும்பவும் படித்தாள். டீ கப்பை வைக்க இடம் தேடி மெஷின் மேலேயே வைத்தாள், இந்த லேபில் யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். "இருபத்துநாலு நான் போட்டது..." "ஆமா." "அதுவும் ஆறு புள்ளி ஒண்ணு." "ஆமா." பிறகு அபர்ணா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "சரி, ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா. உங்களை எடுத்துட்டு வேற நார்மல் ஒருத்தர் போட்டுருவோம். டைம் இருக்கு." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அந்தப் பச்சைப் பேனாவை எடுத்து, நோட்டில் என்-பதினேழின் மேல் கோடு போடக் குனிந்தாள்.

"நிறுத்துங்க டாக்டர்." சத்தமாகத்தான் சொன்னாள், வராந்தாவில் போன யாரோ நின்று திரும்பிப் பார்த்தார்கள். "உங்க நோட்டுல இருந்து எடுத்துருவீங்க. எனக்குள்ள இருக்கறதை யாரு எடுக்கறது?" அபர்ணா பேனாவோடு அப்படியே நிமிர்ந்தாள். "அக்கா, நான் அந்த அர்த்தத்துல..." "எந்த அர்த்தத்துல? நேத்து என் கை தப்புன்னீங்க. வீட்டுக்குப் போயும் என் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன், தெரியுமா? இன்னைக்குக் கை சரின்னு ஆனதும் ஆளே வேண்டாம்கறீங்க. ஒரு வார்த்தை, ஐயோ அக்கா, உங்களுக்கு இப்படி இருக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயில? அந்தப் பூக்கார அம்மாவுக்குச் சொன்னீங்களே பொறுமையா, குடிக்காதவங்களுக்கும் வரும்மான்னு. எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" விரித்து வைத்திருந்த ஃபைலை அபர்ணா பக்கம் தள்ளினாள். "இந்த டிக்கை எதைப் பாத்துப் போட்டீங்க?" அபர்ணா தாளைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறிக் காது வரைக்கும் சிவந்தது. "நீங்கதானேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "நான்தானேன்னு. சரி. இதே மாதிரி பன்னெண்டு டிக் இருக்கு. ஃபிலோமினாவுக்குச் சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்கு, டாக்டர்."

அபர்ணா நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து நாளில் தீசிஸ் கொடுக்க வேண்டியவள், எம்.டி. படிக்கிறவள், ஸ்டோர் ரூமில் நின்று அழுத அன்றைக்கு இருந்த அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சந்தனமாரிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது, வழக்கம்போலப் போனால் போகுது விடுங்க டாக்டர் என்று சொல்லிவிட வாய் வந்தது. சொல்லவில்லை. அபர்ணா மேசை டிராயரைத் திறந்து ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கிற சீட்டை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள், முதல் கோட்டில் பேனா முனையை வைத்தாள். எழுதவில்லை. "அக்கா," என்றாள் தலையைத் தூக்காமல், "உங்க முழுப் பேரு என்ன?"

இரண்டே முக்கால் வருஷம். "சந்தனமாரி. கோட்டைச்சாமி சந்தனமாரி. வயசு நாப்பத்தேழு."

அபர்ணா எழுதினாள். எழுதி முடித்துச் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக இவள் முகத்தைப் பார்த்தாள். "ரேடியாலஜில நானே கூட வந்து சொல்றேன்க்கா. ஆனா இதுக்கு எட்டு மணி நேரமாவது வயிறு காலியா இருக்கணும். நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க."

"நேத்து ராத்திரியில இருந்து சாப்பிடாமத்தான் வந்திருக்கேன்," என்று சந்தனமாரி சீட்டை வாங்கிக்கொண்டாள். "வாங்க, போவோம்."